நர்சுகளின் கல்விக்கு வழிகண்ட ராஜகுமாரி

டில்லி லஜபத் நகரிலுள்ள செவிலியர் கல்லூரி ராஜகுமாரி அம்ருத் கௌர் அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரச குடும்பத்தில் பிறந்தவரின் பெயர் நர்சுகளின் கல்லூரிக்கு வந்தது தற்செயலல்ல.

கபுர்தலா அரச மரபில் தோன்றிய அம்மையார் இங்கிலாந்தில் பள்ளியில் பயின்றார். காந்தியடிகளிடம் ஈடுபாடு கொண்டு ஆடம்பரத்தைத் துறந்தார், பதினாறு ஆண்டுகள் அவரது செயலாளராகப் பணிபுரிந்தார், சிறையும் சென்றார். 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரானார்.

அன்று நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்சுதான் என்று போர் கமிட்டி 1946-ல் கணக்கிட்டிருந்தது. கௌரவமான குடும்பத்துப் பெண்களுக்கு இவ்வேலை ஆகாது என்ற எண்ணம் வேறு. படிப்பு உயர்ந்தாலன்றி மதிப்பு உயராது. டில்லியிலும் வேலூரிலும் 1946-ல் பட்டப்படிப்பு தொடங்கியிருந்தது. அம்மையார் அமைச்சராயிருந்தபோது, நாடெங்கும் பயிற்சி ஒரே தரத்தில் அமைய, 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறியது. 1956-ல் அவர் முயற்சியால் உருவான அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் சட்டத்திலேயே நர்சிங் கல்லூரிக்கும் இடமிருந்தது. சிம்லாவிலிருந்த தம் மாளிகையை அங்குள்ள நர்சுகளும் ஊழியரும் ஓய்வெடுக்க வழங்கிவிட்டார்.

டில்லிக் கல்லூரியில் 1960-ஐ ஒட்டிப் பட்டமேற்படிப்பும் வந்தது. நாட்டில் அதுவே முதலாவது. 1964-ல் அம்மையார் மறைந்தார்.

தீவிர சிகிச்சையில் கூடுதல் பொறுப்பேற்கும் நர்சுகளுக்கான மேற்படிப்பு 2017-ல் அறிமுகமாயிற்று. படிப்பு வந்துவிட்டது, படித்ததற்கேற்ற பொறுப்பை அவர்களுக்கு அளிப்பதே அம்மையாருக்குச் செய்யும் உண்மையான மரியாதை.