மேடை இழந்த பாதிரியார்

அமெரிக்கப் பள்ளிகளிலே, காலையில் கொடியை நோக்கிப் பிள்ளைகள் உறுதிமொழி கூறுகின்றனரே, அதை எழுதியவர் யார்? படைத் தலைவரா? பட்டம் பதவி பெற்ற சீமானா? இல்லை தோழர்களே! பிரசங்க மேடையை இழந்த ஒரு பாதிரியார். பெயர், பிரான்சிஸ் பெல்லமி.

1855-ல் நியூயார்க் மாநிலத்திலே பிறந்தவர். பாப்டிஸ்ட் சபைப் போதகர். பாஸ்டன் நகர மேடையிலே, ஏசுநாதரைச் சமதர்மவாதி என்றார். பாட்டாளிக்காகப் பரிந்து பேசினார். பணப்பையைத் திறந்து ஆலயத்தைத் தாங்கி வந்த வணிகப் பெருமக்களுக்குக் கசக்காமலா இருக்கும்? பை மூடிக்கொண்டது. 1891-ல் மேடை போயிற்று.

இளைஞர் வார இதழ் ஒன்று வேலை கொடுத்தது. பள்ளிகளுக்குக் கொடி விற்றுவந்த இதழ் அது! (தேசபக்தியும் வியாபாரமும் அங்கே ஒரே மேசையில்தான் அமர்ந்திருந்தன.) கொலம்பஸ் வந்திறங்கிய 400-ஆவது ஆண்டு விழாவுக்காக, 1892 ஆகஸ்டில், 22 ஆங்கிலச் சொற்களில் உறுதிமொழியை எழுதினார். செப்டம்பர் 8-ல் வெளிவந்தது, எழுதியவர் பெயரே இல்லாமல்!

சுதந்திரம் வைத்தார், நீதி வைத்தார். சமத்துவம்? அதையும் வைக்கத்தான் எண்ணினார். ஆனால் பெண்ணுக்குச் சம உரிமையா, கருப்பருக்குச் சம உரிமையா என்று கல்வி அதிகாரிகள் சீறுவார்களே! விட்டுவிட்டார். சமதர்மம் பேசி மேடை இழந்தவருக்கே பேனா தயங்கிற்று என்றால், அந்த நாட்டின் அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள்! பிழைக்க வந்த வெளிநாட்டாரை இழிவாக எழுதியவரும் இதே பெல்லமிதான். அந்தக் கறையை நாம் மறைப்பானேன்?

1923-லும் 1924-லும் சொற்களை மாற்றினர். எழுதியவருக்குப் பிடிக்கவில்லை, கேட்பார் இல்லை. 1931-ல் ஃபுளோரிடாவிலே காலமானார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். கொடியை வணங்குவது தங்கள் மதத்துக்கு ஆகாது என்ற யெகோவா சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியை விட்டே துரத்தினர். 1940-ல் உச்சநீதிமன்றமும் அது சரியே என்றது! ஊர் ஊராக அந்தச் சபையினருக்கு அடி, உதை. மூன்றே ஆண்டுகள், 1943-ல் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே புரட்டி, எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்றது.

பாதிரியார் தம் உறுதிமொழியிலே கடவுளைச் சேர்க்கவில்லை. 1954-ல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையெழுத்திட்டுச் சேர்த்தார். சமத்துவம் இன்னும் சேரவில்லை.