பள்ளி முதல் பல்கலை வரை இலவசம்: இலங்கைக் கல்வியை மாற்றிய கன்னங்கரா யார்?

இலங்கையில் அரசுப் பள்ளியிலும் சரி, அரசுப் பல்கலைக்கழகத்திலும் சரி, கல்விக் கட்டணம் கிடையாது. 1945 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்த இந்த மாற்றத்துக்காகப் போராடியவர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. யார் இவர்?

உதவித்தொகையில் படித்தவர்

1884-ல் அம்பலாங்கொடை அருகே ரந்தொம்பே கிராமத்தில் பிறந்தார். காலி நகரின் ரிச்மண்ட் கல்லூரியில் அவர் படிக்க முடிந்ததற்குக் காரணம், கிடைத்த உதவித்தொகைதான். பிறகு வழக்கறிஞராகி அரசியலுக்கு வந்தார். 1931-ல் கல்வி அமைச்சரானார். 1947 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அப்போ என்ன பிரச்னை?

பள்ளிக்கூடங்கள் இருந்துச்சு. ஆனா ரெண்டு வகையா இருந்துச்சு. சிங்கள, தமிழ் வழிப் பள்ளிகளில் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பள்ளிகளில் பணம் கட்டணும். நல்ல அரசு வேலை, வக்கீல், டாக்டர் படிப்பு எல்லாத்துக்கும் ஆங்கிலம் வேணும். ஆக, பிள்ளை என்ன ஆகும் என்பதை அப்பாவின் வருமானமே முடிவு செய்தது.

என்ன செய்தார்?

அவர் தலைமையிலான குழுவின் அறிக்கை 1943-ல் வெளியானது. கட்டண ஒழிப்பு, தொடக்க வகுப்புகளில் தாய்மொழிக் கல்வி ஆகியவை அதன் முக்கியப் பரிந்துரைகள். கட்டணம் வாங்கிய பள்ளிகள் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தும் அவர் பின்வாங்கவில்லை.

கட்டணத்தை எடுத்தால் மட்டும் போதுமா? நல்ல பள்ளி நகரத்தில்தானே இருக்கு? அதற்காகவே கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளைத் திறந்தார். ஆய்வுக்கூடம், விடுதியோடு 50-க்கும் மேற்பட்டவை உருவாகின. மட்டக்களப்பு மாவட்டத்தின் வந்தாறுமூலையிலும் ஒன்று வந்தது. ஐந்தாம் வகுப்பில் தேர்வு வைத்து, திறமையான ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே உதவித்தொகையோடு இடம் கொடுத்தார்கள்.

தேர்தலில் தோல்வி

இவ்வளவு செய்தவர் 1947 தேர்தலில் மத்துகம தொகுதியில் தோற்றுப்போனார். 1952-ல் மீண்டும் வென்று அமைச்சரானார். ஆனால் கிடைத்தது கல்வித் துறை அல்ல, உள்ளாட்சித் துறை. 1969 செப்டம்பர் 23-ல் காலமானார்.

இன்று?

ஐந்தாம் வகுப்பு புலமைப்பரிசில் தேர்வு இன்றும் நடக்கிறது. ஆனால் அதற்கே பெற்றோர் டியூஷனுக்குச் செலவழிக்கிறார்கள். பள்ளி வாசலில் கன்னங்கரா ஒழித்த கட்டணம், டியூஷன் வாசலில் மறுபடியும் வந்து நிற்கிறது.