ஓயா உழைப்பின் ஊற்றுக்கண்

மக்கள் மேற்கொள்ளும் தொழில்களுட் சில எளிதிற் பயன் தருவன. சில, உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே வருத்திப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே பயன் தருவன. பின்னவற்றிற் புகுந்தோருட் பலர் இடையே சோர்ந்து விடுகின்றனர். சிலரோ நாடோறும் ஊக்கம் மிகுகின்றனர். அவ்வூக்கம் எங்ஙனம் பிறக்கின்றது? சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக 1924 முதல் 1927 வரை விளங்கிய மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் வரலாறு இவ்வினாவிற்குத் தக்க விடையாகும்.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள், கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்திற் பிறந்தார்கள். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லுநர், செல்வம் உடையவரல்லர். 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து, அப்பெரியார் 1876-இல் மறையும் வரை உடனிருந்து பாடங் கேட்டார்கள். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் வாழ்ந்து, 1880-இல் தியாகராச செட்டியாரவர்களின் பரிந்துரையாற் கும்பகோணம் கல்லூரியிற் தமிழாசிரியரானார்கள்.

அவ்வாண்டிலேயே அங்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார்கள். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயரவர்கள் எடுத்துரைத்தபோது, முதலியார் வியப்புறவில்லை. சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டோ என்று வினவினார். படித்ததில்லை. கற்றோர் என்று பெயர் பெற்ற ஒருவர்க்கு இதனினும் பெரிய அடி வேறில்லை. பிறராயின் சினந்து அகன்றிருப்பர். ஐயரவர்களோ தாம் அறியாத ஒரு பேருலகம் உண்டென்பதை உணர்ந்து, அதனுட் புகத் துணிந்தார்கள். முதலியாரே சிந்தாமணிப் பிரதி ஒன்றையும் அளித்தார்.

ஏட்டுச் சுவடி படித்தல் எளிய வேலையன்று. ஏடுகளிற் புள்ளி இராது. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வேற்றுமை தோன்றாது. காலும் ரகரமும் ஒன்றாகவே காணப்படும். செய்யுள் எது, உரை எது என்று பிரித்தறிதலும் அரிது. இவற்றோடு செல்லும் இராமபாணப் பூச்சியும் அரித்த இடங்கள் பல. ஐயரவர்கள் பகலிற் கல்லூரியிற் பாடஞ் சொல்லி, எஞ்சிய பொழுதெல்லாம் ஏடுகளை ஒப்பு நோக்கினார்கள். விடுமுறைகளில் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். சிந்தாமணி சமண நூலாதலின், கும்பகோணத்துச் சமணர்களை நாடி அவர்கள் சமயக் கருத்துக்களைக் கேட்டறிந்தார்கள். சைவச் சூழலில் வளர்ந்த ஒருவர், பிற சமயத்தார்பால் மாணவராய் அமர்வதற்குச் சிறிதும் நாணவில்லை. அந்நூல் 1887-இல் வெளிவந்தது.

உழைப்பு அதனோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்நூலுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், பெயர் கூறாமலே பல பழம்பாடல்களை எடுத்துக் காட்டியிருந்தார். அவை எந்நூலின? ஒரு வினாவிற்கு விடை கண்டவுடன் மற்றொரு வினா எழுந்தது. அவ்வினாக்களே அவர்களை அடுத்த அடுத்த நூல்களுக்கு அழைத்துச் சென்றன.

ஆவல் ஒன்றே அவர்களை நடத்தியதன்று, அச்சமும் நடத்தியது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் உண்டெனக் கேட்டுச் சென்றபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அறிந்து உளம் நைந்தார்கள். ஒரு நாள் தாழ்த்தால் ஒரு நூல் அழியும் என்பது அன்று முதல் அவர்கட்கு வெறுங் கற்பனையன்று, கண்கூடு.

அத்தகைய உழைப்பிற்கு இடையிடையே பெறும் சிறு வெற்றிகளே உணவாயின. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டிற் பூக்களை நிரல்படக் கூறும் பகுதியில் சில பெயர்கள் கிடைத்த பிரதிகளில் இல்லை. அவ்விரண்டொரு சொற்களுக்காகத் தருமபுர ஆதீனம் சென்று, கட்டுக் கட்டாக ஏடுகளை அவிழ்த்துத் தேடி, உதிர்ந்த பூக்களைக் கண்டெடுத்தார்கள். அப்பொழுது அவர்கள் எய்திய மகிழ்ச்சியைப் பொருளால் அளக்க இயலாது.

பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. 1903-இற் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919-இல் ஓய்வு பெற்றார்கள். எனினும் ஓயவில்லை. ராஜா அண்ணாமலை செட்டியாரவர்களின் வேண்டுகோளுக்கிணங்கி, எழுபதை அணுகிய முதுமையிலே சிதம்பரத்திற்கு வந்து மூன்றாண்டு பணி புரிந்தார்கள். அம்மண்ணிலேயே 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் எழுந்தது. குறுந்தொகையை வெளியிட்ட 1937-இல் அவர்கட்கு வயது எண்பத்திரண்டு. தம் வரலாற்றை எழுதி வருகையில், 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் இயற்கை எய்தினார்கள். அவ்வரலாறு முற்றுப் பெறாது நின்றது.

ஊதியமும் பட்டமும் அவர்கட்கு வந்தன; ஆயின் அவை உழைப்பின் பின்னர் வந்தனவே யன்றி அதனைத் தோற்றுவித்தன அல்ல. ஆசிரியர்பாற் கொண்ட நன்றியும், அறியாமையை ஒப்புக்கொள்ளும் பணிவும், தாம் செய்யாவிடின் ஒரு பொருள் அழியும் என்னும் பொறுப்புணர்ச்சியும், சிறு வெற்றியிலும் மகிழும் உள்ளமும் ஆகிய இந்நான்குமே அவர்களை அறுபதாண்டுகள் தளராது நடத்தின. மாணவர்கள் எத்துறையிற் புகினும், அத்தொழில் தமக்கு என்ன தரும் என்று மட்டும் எண்ணாது, தாம் செய்யாவிடின் அழியக் கூடியது யாது என்றும் எண்ணுவாராக. அதற்கு விடை கண்டவர்க்கு உழைப்புச் சுமையாகாது.