கொலைக் கதையிலும் சிரிக்க வைத்தவர்: யார் இந்த கிரெய்க் ரைஸ்?

1946 ஜனவரி 28 தேதியிட்ட 'டைம்' இதழின் அட்டையில் ஒரு துப்பறியும் கதை எழுத்தாளர். அப்படி ஒருவர் அந்த அட்டைக்கு வந்தது அதுதான் முதல்முறை என்பார்கள். அவர் அகதா கிறிஸ்டி இல்லை. இன்று பலருக்கும் பெயர்கூடத் தெரியாத அமெரிக்கர் கிரெய்க் ரைஸ்.

பெயரை வைத்து ஆண் என்று நினைத்துவிடாதீங்க. 1908-ல் சிகாகோவில் பிறந்தபோது இவர் ஜார்ஜியானா ஆன் ராண்டால்ஃப் கிரெய்க். பெற்றோர் கைக்குழந்தையை உறவினர்களிடம் விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். வளர்த்தது அத்தை, ரைஸ் குடும்பம். புனைபெயரில் பாதி பெற்றவர்கள் தந்தது, மீதி வளர்த்தவர்கள் தந்தது.

குடிகார வக்கீல் மலோன்

1939-ல் முதல் நாவல் வந்தது. அதிலேயே அறிமுகமானவர்தான் ஜான் ஜே. மலோன். சிகாகோ வக்கீல். கசங்கிய கோட், மேலெல்லாம் சுருட்டுச் சாம்பல், எப்பவும் காலி பாக்கெட். அலுவலகத்தில் ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் பாட்டில் இருக்கும். ஆனால், எந்தக் கட்சிக்காரரையும் தூக்குமேடைக்கு விட்டதில்லை என்பதுதான் அவருடைய பெருமை.

1943-ல் வந்த ஒரு சிறுகதையில் அந்தப் பெருமைக்கே சோதனை. மறுவிசாரணை கிடைத்துவிட்டது என்ற நல்ல செய்தியோடு, முதல்நாள் குடித்த தலைவலியோடு, மலோன் சிறைக்குப் போகிறார். கட்சிக்காரர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறார். உயிர் போகும் முன் அவர் முனகிய சில வார்த்தைகள்தான் துப்பு. சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்குகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் ஆடிப்போவார்கள். ரைஸ் எழுதியதில் ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் இதைப் படிக்கலாம்.

1944-ல் வந்த 'ஹோம் ஸ்வீட் ஹோமிசைட்' இன்னும் ஜாலி. துப்பறியும் நாவல் எழுதும் விதவைத் தாய்க்கு மூன்று பிள்ளைகள். பக்கத்து வீட்டில் கொலை. கண்டுபிடித்த பெருமை அம்மாவுக்குப் போனால் புத்தகம் நன்றாக விற்குமே என்று பிள்ளைகளே விசாரணையில் இறங்குகிறார்கள். விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரியை அம்மாவுக்குக் கட்டிவைக்கவும் தனித் திட்டம்! ரைஸுக்கும் மூன்று பிள்ளைகள்தான். 1946-ல் இது படமாகவும் வந்தது.

சிரிப்புக்குப் பின்னால்

மலோனின் போதை அடுத்த அத்தியாயத்தில் தெளிந்துவிடும். ரைஸுக்குத் தெளியவில்லை. 'டைம்' அட்டைக்குப் பிறகான வருடங்களைக் குடி தின்றது. திருமணங்கள் முறிந்தன, மருத்துவமனை வாசம், எழுத்தும் குறைந்துபோனது. வாசகர்களைச் சிரிக்க வைத்த அதே பாட்டில்தான் வீட்டிலும் இருந்தது.

இடையில் நண்பர் ஸ்டூவர்ட் பால்மரோடு சேர்ந்து சில சிறுகதைகள். பால்மரின் கறாரான டீச்சரம்மா ஹில்டகார்ட் விதர்ஸும் மலோனும் ஒரே வழக்கில் மாட்டிக்கொள்ளும் கூத்து. அதில் ஒரு ரயில் கதை 1950-ல் படமானது. திரையில் டீச்சரம்மாவையே மாற்றிவிட்டார்கள்.

1957 ஆகஸ்ட் 28-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தபோது ரைஸுக்கு வயது 49. ஒரு நாவல் பாதியில் நின்றது. அதை முடிக்கும் பொறுப்பு எட் மெக்பெய்னிடம் வந்தது. கொலையாளி யார் என்று ரைஸ் எங்கும் குறித்துவைக்கவில்லை. மெக்பெய்ன் முதலில் வழக்கைத் துப்புத் துலக்கிவிட்டு, அப்புறம்தான் எழுத உட்கார வேண்டியிருந்தது.