எழுத்தைத் திருத்திய வீரமாமுனிவர்

சேர்வராயன் மலையில், ஏற்காடு பக்கத்தில், வாழவந்தி என்று ஓர் ஊர் இருக்கிறது. இந்தப் பெயரில் எத்தனை எழுத்துகள்? வா, ழ, வ, ந், தி. ஐந்து எழுத்துகள். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்!

ஆனால், 300 ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பெயரை ஓலையில் எழுதியிருந்தால், புள்ளி இருந்திருக்காது. எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை ஓட்டையாகிவிடும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். வாழவந்தி, வாழவநதி ஆகிவிடும். படிப்பவர், ஏதோ நதி என்று நினைத்து மயங்குவார்!

எரியா, ஏரியா?

இன்னொரு குழப்பமும் இருந்தது. அந்தக் காலத்தில் ஏ என்ற எழுத்தையும் எ என்றே எழுதினார்கள். குறில் என்று காட்ட, தலையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஓலையில்தான் புள்ளி வைப்பதில்லையே! எரி எது, ஏரி எது? கொடி எது, கோடி எது? முன்னும் பின்னும் படித்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர்.

இத்தாலியில் பிறந்தவர்

அவருடைய இயற்பெயர் பெஸ்கி. 1680-ம் ஆண்டு இத்தாலியில் பிறந்தார். கிறிஸ்தவ மதத்தைப் பரப்ப 1710-ல் இந்தியாவுக்கு வந்தார். தமிழ்நாட்டில் தங்கி, தமிழை ஊன்றிக் கற்றார். தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பின்னர் வீரமாமுனிவர் என்று புகழ் பெற்றார்.

தேம்பாவணி என்ற காவியத்தைப் பாடியவர் அவர்தான். பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கும் பரமார்த்த குரு கதையை எழுதியவரும் அவரே.

நெடிலைத் தனியாகக் காட்ட அவர் வழி செய்தார். எ வேறு, ஏ வேறு. ஒ வேறு, ஓ வேறு என்று ஆயிற்று. ஒற்றைக் கொம்பு குறிலுக்கு. சுழித்த கொம்பு நெடிலுக்கு.

1732-ல் சதுரகராதியை உருவாக்கினார். அதற்கு முன் நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்ய வேண்டும். அகராதி வந்த பிறகு, எழுத்து வரிசையைப் பார்த்தே சொல்லைத் தேடிப் பிடிக்கலாம். எழுத்து தெளிவாக இருந்தால்தானே வரிசையும் சரியாக இருக்கும்? 1747-ல் அவர் காலமானார்.

கம்ப்யூட்டரின் திண்டாட்டம்

இன்று கம்ப்யூட்டரும் அதே இடத்தில் திண்டாடுகிறது. அது வாழவந்தியை வ, கால், ழ, வ, ந, புள்ளி, த, மேல்விலங்கு என்று எட்டுத் துண்டாக வைத்திருக்கிறது. ஐந்தாவது எழுத்தைக் கொடு என்று கேட்டால் தி வராது. புள்ளி இல்லாத ந வரும்! அதனால், புரோகிராம் எழுதுபவர்கள் புள்ளியையும் காலையும் கொம்பையும் அதனதன் எழுத்தோடு சேர்த்து எண்ணும்படி அதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

1968-ல் சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை வைத்தார்கள். ஆனால், அவரை நினைக்கச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. மலையேறும் பஸ்ஸில் ஏற்காடு என்ற பெயர்ப் பலகையைப் பாருங்கள். முதல் எழுத்தே அவர் பெயரைச் சொல்லும்!