அரண்மனைக்காரத் தெருவில் உறங்கும் அச்சுக்காரர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

பாரிமுனைக்கு அருகே அரண்மனைக்காரத் தெரு என்று ஒரு தெரு உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் கோயிலுக்கு வடசென்னையே திரண்டு போகிறதே, அந்தத் தெருதான். அங்கே அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மீனியர் என்னும் பெயர் நம் மக்களின் நாவில் புரண்டு புரண்டு அரண்மனைக்காரர் ஆகிவிட்டது. தெருப் பலகையில் இன்றும் ஆர்மீனியன் தெரு என்றுதான் இருக்கும். அந்தோணியார் கோயிலுக்குப் பக்கத்திலேயே, உயர்ந்த மதிலுக்குப் பின்னால், ஆர்மீனியர்களின் பழைய தேவாலயம் இருக்கிறது. 1712-ஆம் ஆண்டு முதலில் கட்டப்பெற்று, 1772-ஆம் ஆண்டில் இப்போதுள்ள இடத்தில் மீண்டும் எழுந்தது. நடைபாதை எங்கும் கல்லறைக் கற்கள். புரியாத எழுத்துகள். அக்கற்களுக்கிடையே உறங்கும் ஒருவரைப் பற்றித்தான் நம் ஆண்டு மலரில் எழுத விரும்பினேன். அவர் பெயர் ஹாருத்தியூன் ஷ்மாவோனியன். ஆர்மீனிய மொழியில் உலகிலேயே முதல் இதழை நடத்தியவர். அந்த இதழ் வெளிவந்த ஊர் நம் சென்னை!

விடுமுறை நாள்களில் நான் மண்ணடியில் ஒரு புத்தகக் கட்டுக் கடையில் வேலை செய்கிறேன். மடிப்பதும் பசை தடவுவதும் என் பணி. ஒருநாள் நண்பகல் உணவு நேரத்தில் நிழல் தேடி அந்தத் தேவாலயத்திற்குள் நுழைந்தேன். அங்கே இருந்த பெரியவர் ஒருவர், கையில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்து என் தொழிலைக் கேட்டறிந்தார். நீ பார்க்க வேண்டிய ஆள் இங்கே இருக்கிறார் என்று சொல்லி ஷ்மாவோனியனின் கல்லறைக்கு அழைத்துப் போனார். அன்று தொடங்கிய தேடல்தான் இக்கட்டுரை.

ஆர்மீனியர் ஏன் இங்கு வந்தனர் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் நடந்த போரின் நடுவே, 1604, 1605-ஆம் ஆண்டுகளில் மன்னர் ஷா அப்பாஸ் ஆராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனியர்களை ஒட்டுமொத்தமாகக் கிளப்பித் தம் தலைநகர் இஸ்பஹானுக்கு ஓட்டிச் சென்றார். விட்டு வந்த ஊரின் பெயரையே புதிய குடியிருப்புக்கும் சூட்டிக்கொண்டு அவர்கள் பட்டு வாணிகத்தில் தலைநிமிர்ந்தார்கள். அங்கும் நிலைக்கவில்லை. 1722-ல் ஆப்கானியர் இஸ்பஹானைப் பிடித்தனர். அடுத்து நாதிர்ஷாவின் வரிக் கொடுமை. பிழைக்கத் தெரிந்தவர்கள் கப்பல் ஏறினர். 1688-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது. நாற்பது ஆர்மீனியர் கூடி வாழும் ஊரில் அவர்களுக்குக் கோயில் கட்டித் தருவதாக அதில் ஒரு விதியும் உண்டு. ஆனால் 1749-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து சென்னை திரும்பக் கிடைத்த பின்னர், அதே கம்பெனி அவர்களைக் கோட்டைப் பகுதியை விட்டு வெளியேறச் சொன்னது. அப்படி இரண்டாம் முறையாக வீடு இழந்தவர்கள் வந்து தங்கிய இடம்தான் கறுப்பர் நகரம், இன்றைய ஜார்ஜ் டவுன்.

ஷ்மாவோனியன் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் 1750-ல் பிறந்தவர். குடும்பத்தோடு வாழ்ந்துவந்தவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு மகன்களும் இறந்துபோயினர். அந்த இடி அவரை ஊரைவிட்டே விரட்டியது. பாரசீகத் துறவிகளான தர்வேசுகளோடு சேர்ந்து தனிமையில் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார். பாரசீக மொழியை அவர் ஆழ்ந்து கற்றது அந்த நாள்களில்தான்.

திருவொற்றியூரில் பிறந்த எனக்கு இதைப் படித்ததும் பட்டினத்தார் நினைவு வராமல் இருக்குமா? எங்கள் கடற்கரைச் சமாதியில் வீற்றிருக்கும் அவரும் மகனைப் பிரிந்த பெரும் வணிகர்தாமே! கடை கண்ணியையும் கப்பலையும் துறந்து ஓட்டோடு புறப்பட்டார். அவர் வழியை நாம் கும்பிடுகிறோம். ஷ்மாவோனியன் போன வழி நேர் எதிர். துறவில் தொடங்கித் தொழிலுக்கு வந்தார். எது பெரிது என்று எடைபோட எனக்கு வயது போதாது. ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருவர், மீண்டும் விடியற்காலையில் எழுந்து ஒரு கடையைத் திறப்பது எளிய செயல் அன்று என்று மட்டும் தோன்றுகிறது.

1784-ல் அவர் ஆர்மீனியத் திருச்சபையின் குருவாகச் சென்னைக்கு வந்தார். அப்போதைய சென்னை எப்படி இருந்தது? ஹைதர் அலியோடு நடந்த போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுவதற்காக 1782-ல் ஏற்பட்ட கஞ்சித்தொட்டிதான், பின்னாளில் நம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வித்திட்டது. அவ்வாறு பசியும் புழுதியுமாய்க் கிடந்த ஊரில் ஆர்மீனிய வணிகர்கள் சில குடும்பங்கள் மட்டுமே. அவர்களுள் ஷாஹமிர் ஷாஹமிரியன் என்பவர் 1772-லேயே இங்கு ஓர் ஆர்மீனிய அச்சகம் வைத்திருந்தார். தாய்நாடு விடுதலை பெற்றால் எப்படி ஆளப்பட வேண்டும் என்று ஒரு சட்ட நூலையே சென்னையில் அச்சிட்டவர் அவர். அவர் செல்வர். அடிகளார் அப்படியல்லர். கோயில் வருவாயில் வாழும் குரு. எனினும் 1789 அளவில் சொந்தமாக ஓர் அச்சுக்கூடம் தொடங்கிவிட்டார்.

இங்கே வேதியியல் மாணவன் என்ற முறையில் சற்று நின்று போக விரும்புகிறேன். அச்சகம் என்றால் இன்று கணினியைத் தட்டினால் வந்துவிடுகிறது. அன்று அச்செழுத்தை உலோகத்தில் வார்க்க வேண்டும். ஆர்மீனிய நெடுங்கணக்கை மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்னும் துறவி கி.பி. 405 அளவில் வகுத்தார். பிற்காலத்தில் சேர்ந்த இரண்டையும் கூட்டி அடிகளார் காலத்தில் 38 எழுத்துகள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு வரிசை. ஆக 76 வடிவங்கள். ஒவ்வொன்றையும் எஃகுத் துண்டின் முனையில் தலைகீழாகச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்து அச்சுக்குழி ஆக்கி, அக்குழியில் உருகிய உலோகத்தை ஊற்றினால் ஓர் எழுத்து பிறக்கும். ஒரு பக்கம் கோக்க ஒரே எழுத்து நூற்றுக்கணக்கில் வேண்டும். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். ஆனால் மிக மென்மை. அதனோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும். இக்கலவையை நாம் ஆய்வகத்தில் உலோகக் கலவைப் பட்டியலில் ஒரு வரியாக மனப்பாடம் செய்கிறோம். அவர்கள் அதை அடுப்பில் ஊற்றிச் சோறு கண்டவர்கள்.

அடிகளார் எழுத்துகளைத் தாமே உருவாக்கினார். காகிதத்திற்கு அயலாரை நம்பியிராமல் அதையும் தாமே செய்தார். பழந்துணியை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளி, ஏடாக உலர்த்தும் வேலை. அதன் நாற்றம் எப்படி இருக்கும் என்பது எங்கள் கடைப் பசைச் சட்டியின் அருகே ஒருநாள் நின்றவர்க்குப் புரியும்.

இவ்வளவு பாடுபட்டு 1794-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளிவந்த இதழின் பெயர் ‘அஸ்தரார்’. செய்தி அறிவிப்பவன் என்று பொருள் கொள்ளலாம். மாதம் ஒன்று. ஆங்கிலத் தாள்களிலிருந்து உலகச் செய்திகள், கப்பல்கள் வந்துபோன விவரம், சரக்கின் விலை, வணிகர் விளம்பரம், நாள்காட்டி, இலக்கியம், வாசகர் கடிதம் என்று எல்லாம் அதில் இருந்தன. இந்தியாவின் முதல் செய்தித்தாளைக் கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கியது 1780-ல். சென்னையில் ‘மெட்ராஸ் கூரியர்’ வந்தது 1785-ல். தமிழில் முதல் இதழ் எனப்படும் ‘தமிழ் மேகசின்’ 1831-ல்தான் வந்தது. தமிழ் மண்ணில் தமிழ் இதழ் பிறப்பதற்கு 37 ஆண்டுகள் முன்பே, இங்கு அகதியாய் ஒதுங்கிய ஒரு சிறு கூட்டம் தன் மொழியில் இதழ் கண்டுவிட்டது. இது பெருமையா, நமக்கு வெட்கமா? இந்தியர் அச்சகம் வைத்துக்கொள்ளத் தடையில்லாத நிலை 1835-ல் மெட்காஃப் சட்டத்திற்குப் பிறகே வந்தது என்பதால், வெட்கத்தில் ஒரு பங்கைக் கம்பெனிக்கும் கொடுத்துவிடலாம்.

இதழ் நிலைத்ததா என்றால், இல்லை. சந்தா கட்டியவர்கள் மிகச் சிலர். 18 இதழ்களோடு 1796-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. ஒன்றரை ஆண்டுதான்! ஆனால் கடையை அவர் மூடவில்லை. துறவிகளிடம் கற்ற பாரசீகம் கைகொடுத்தது. சேப்பாக்கத்தில் இருந்த ஆர்க்காட்டு நவாபு வாலாஜா, பாரசீக, அரபு மொழிகளில் நூல் அச்சிடும் உரிமையை அவருக்கு அளித்தார். தன் மொழிக்கு வாங்குவார் குறைந்தபோது ஊருக்கு வேண்டிய மொழியில் வேலை எடுத்துக்கொண்டார். எங்கள் முதலாளி திருமண அழைப்பிதழ் வேலை எடுத்து, அந்த லாபத்தில் கவிதைப் புத்தகம் கட்டித் தருகிறாரே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகள் இங்கேயே குருவாக இருந்து 1824 பிப்ரவரி 9-ஆம் நாள் அடிகளார் மறைந்தார். பிறந்த ஷிராசுக்கோ, மூதாதையரின் ஆராஸ் கரைக்கோ திரும்பவில்லை. இன்று ஆர்மீனியாவில் அக்டோபர் 16-ஆம் நாளைப் பத்திரிகை நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த நாள் குறிப்பது நம் சென்னையில் ‘அஸ்தரார்’ வெளிவந்த நாளைத்தான்.

தேவாலயத்திலிருந்து கடற்கரை ரயில் நிலையத்தை நோக்கி நடந்தால் சில நிமிடங்களில் பர்மா பஜார். 1962-ல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. பெரிய நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாய் அங்கு வாழ்ந்த தமிழர் கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்து இறங்கினர். அவர்களுக்காக 1969-ல் ஏற்பட்ட கடைவீதி அது. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் அமைந்தன. எங்கள் ஆயா பதின்மூன்று வயதில் அந்தக் கப்பல் ஒன்றில் வந்தவர். ரங்கூனில் அவருடைய அப்பாவுக்கு ஒரு மளிகைக் கடை இருந்ததாம். கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஓர் இரும்புச் சட்டியும்.

அந்தச் சட்டியில்தான் இன்றும் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மாலையில் ஆயா வெங்காயமும் பூண்டும் வறுக்கிறார். அத்தோ, மொய்ங்கா, பேஜோ, வாழைத்தண்டு சூப். நண்பர்கள் பலர் அங்கே சாப்பிட்டிருப்பீர்கள். முதலாண்டில் ஒருநாள் நம் வகுப்பினர் நால்வர் வண்டிக்கு வந்தபோது நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். ஆயா பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரிப் படிவத்தில் குடும்பத் தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று மட்டும் எழுதியிருந்தேன். ஆயாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. வண்டியை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்செடுத்தவனும் நானே. அக்கறையால் அப்படிச் சொன்னதாக அன்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஷ்மாவோனியன் கதையை ஆயாவிடம் சொன்னேன். ஒன்றரை ஆண்டில் இதழ் நின்றது என்றதற்கு அவர் பெரிதாக வருந்தவில்லை. தாமும் மூன்று முறை வண்டியை நிறுத்தியிருப்பதாகவும், கடைசியாக 2020-ல் ஊரடங்கின்போது நின்றதைத் தேரடி வாசிகள் மறந்தே போய்விட்டதாகவும் சொன்னார். பிறகு, அந்தச் சாமியாருக்குத் தன் எழுத்தை மறக்க மனம் வராமல் இருந்திருக்கும் என்றார்.

அதைச் சொன்னபோது அவர் கணக்கு நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். சிறுவயதிலிருந்து நான் பார்த்துவரும் நோட்டுதான். பெயர்கள் தமிழில் இருக்கும். தொகைகள் மட்டும் வட்டமும் சுழியுமாய், ரங்கூன் பள்ளியில் படித்த பர்மிய எண்களில் இருக்கும். யாருக்குக் கடன், எவ்வளவு பாக்கி என்று எங்கள் வீட்டில் வேறு ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. ஆயாவின் கிறுக்கல் என்று கேலி செய்வோம்.

சுழி நம் சுழியைப் போலவே இருக்கிறது. ஒன்று, கொஞ்சம் திறந்த வட்டம். இப்போது வெள்ளிக்கிழமைகளில் வண்டி கட்டிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன். ஏழு வரை வந்திருக்கிறது. எட்டும் ஒன்பதும் அடிக்கடி குழம்புகின்றன. போன வாரம் ஒருவருடைய கடனில் பத்து ரூபாயைக் கூட்டி எழுதிவிட்டேன் என்று ஆயா அடித்துத் திருத்தினார்.