காலணிக்குள் ஓர் ஏடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரஷ்யப் பேரரசின் நிலக்கிழார் ஒருவருடைய செல்வத்தை அளக்க, அவருக்கு எத்தனை உயிர்கள் உள்ளன என்று கேட்பதே வழக்கம். உயிர்கள் என்பது பண்ணையடிமைகளைக் குறித்த சொல். அவர்களிலும் ஆண்களை மட்டுமே அரசின் கணக்கேடு எண்ணியது. அத்தகைய ஏடொன்றில் ஓர் எண்ணாக வாழ்க்கையைத் தொடங்கியவர்தாம் உக்ரைன் மக்கள் தம் தேசியக் கவிஞராகப் போற்றும் தாராஸ் ஷெவ்சென்கோ.

கீவ் மாகாணத்தைச் சேர்ந்த மோரின்ச்சி என்னும் சிற்றூரில் 1814ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் அவர் பிறந்தார். வளர்ந்தது அருகிலிருந்த கிரிலிவ்கா என்னும் ஊரில். இரண்டு ஊர்களும் எங்கல்ஹார்ட் என்னும் பெருநிலக்கிழார் குடும்பத்தின் உடைமைகள். ஒன்பது வயதில் தாயையும் பதினொரு வயதில் தந்தையையும் இழந்த சிறுவன், தேவாலயப் பாடகர் ஒருவரிடம் ஏவலாளாகச் சேர்ந்தான். எழுத்தறிவு கிடைத்தது அங்கேதான். அடியும் பட்டினியும் அதனுடன் சேர்ந்தே கிடைத்தன. ஊரில் ஏழை அடிமை எவரேனும் இறந்தால், குடிப்பழக்கமுள்ள அந்த ஆசிரியருக்கு மாற்றாகப் பிணத்தின் அருகில் நின்று திருப்பாடல்களை ஓதுவதும் அவன் வேலையாயிற்று.

ஓவியம் கற்க வேண்டும் என்பது அவனது பெருவிருப்பம். ஆனால், நிலக்கிழாரின் மகன் பாவெல் எங்கல்ஹார்ட், அவனைத் தம் முன்னறையில் காத்து நிற்கும் பணியாளாக்கிக்கொண்டார். அழைத்தால் ஓடிச்சென்று புகைக்குழாயைப் பற்றவைக்க வேண்டும். அழைக்காதபோது அசையாமல் நிற்க வேண்டும். வில்னியஸ் நகரில் தங்கியிருந்தபோது, எசமானர் விருந்துக்குச் சென்றிருந்த ஓர் இரவில், சிறுவன் மெழுகுவத்தி ஏற்றி ஒரு படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். திரும்பிவந்தவர் அதைக் கண்டார். வீடு தீப்பற்றியிருக்கும் என்று காரணம் கூறி, மறுநாள் அவனுக்குச் சவுக்கடி தரச் செய்தார்.

பின்னர்ப் பீட்டர்ஸ்பர்க் நகரில் இந்த ஓவிய ஆர்வத்தில் ஆதாயம் காணலாம் என்று எண்ணிய அதே எசமானர், ஷிர்யாயெவ் என்னும் அலங்கார ஓவியரிடம் அவரை ஒப்பந்தத்தில் தொழில் பழக விட்டார். வடபுலத்தில் கோடைக்கால இரவுகள் முழுமையாக இருள்வதில்லை. அந்த வெளிச்சத்தில் கோடைப் பூங்காவின் சிலைகளைப் பார்த்து ஷெவ்சென்கோ வரைந்துகொண்டிருந்தபோது, தம் நாட்டவரான இவான் சொஷென்கோ என்னும் ஓவியரின் நட்பு கிட்டியது. அவர் வழியாகப் புகழ்பெற்ற ஓவியர் கார்ல் பிரியுல்லோவும், பட்டத்து இளவரசரின் ஆசிரியராக விளங்கிய கவிஞர் வசீலி ஜுகோவ்ஸ்கியும் இவ்விளைஞரைப் பற்றி அறிந்தனர்.

கலைக்கழகத்தில் அடிமைக்கு இடமில்லை. விடுதலைக்கு எசமானர் கேட்ட விலை 2,500 ரூபிள். பிரியுல்லோவ், ஜுகோவ்ஸ்கியின் உருவப்படத்தைத் தீட்டினார். அதைக் குலுக்குச்சீட்டுக்கு விட்டனர். அரச குடும்பத்தினரும் சீட்டு வாங்கினர். ஓர் ஓவியத்தின் விலையில் ஒரு மனிதர் மீட்கப்பட்டார். அது 1838ஆம் ஆண்டு. அப்போது ஷெவ்சென்கோவுக்கு வயது 24.

பிரியுல்லோவின் மாணவராகக் கலைக்கழகத்தில் பயின்றுகொண்டே அவர் கவிதைகளும் எழுதினார். 1840இல் ‘கோப்ஸார்’ வெளிவந்தது. கோப்ஸா என்பது உக்ரைனின் நரம்புக் கருவி. அதை மீட்டியவாறு ஊர்தோறும் சென்று பழங்கதைகளைப் பாடும் பாணரே கோப்ஸார். அவர்களுள் பலர் பார்வையற்றோர். எட்டுக் கவிதைகளே கொண்ட சிறுநூல் அது. உக்ரைன் மொழியில் அதற்கு முன்னரும் நூல்கள் தோன்றியிருந்தன. ஆயினும், பேரரசின் கற்றோர் பலரும் அதை உழவர் பேசும் கொச்சையாகவே கருதினர். துயரத்தையும் வரலாற்றையும் சினத்தையும் தாங்கவல்ல இலக்கிய மொழி அது என்பதை நிறுவியது இச்சிறுநூலே. காலப்போக்கில் நூலின் பெயரே கவிஞரின் பெயராயிற்று.

1843இல் அவர் தாயகம் சென்றார். தாம் உரிமை பெற்றவர். உடன்பிறந்தவர்களோ இன்னும் அடிமைகள். உக்ரைனின் காட்சிகளைச் செதுக்கோவியங்களாக வெளியிட்டு, அதன் வருவாயைக் கொண்டு அவர்களை மீட்க எண்ணினார், அது கைகூடவில்லை. அதன்பின் எழுந்த கவிதைகளில் கனல் மிகுந்தது. ‘கனவு’ என்னும் நெடுங்கவிதை பேரரசரையும் பேரரசியையும் எள்ளி நகையாடியது. இவை அச்சேறவில்லை, கையெழுத்துப் படிகளாகப் பரவின.

அக்காலத்தில் கீவ் நகரில் வரலாற்றறிஞர் கொஸ்தொமாரவ் முதலானோர், தூய சிரில் – மெத்தோடியஸ் பெயரில் மறைவான கழகம் ஒன்றை அமைத்திருந்தனர். பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும், ஸ்லாவிய இனங்கள் சம உரிமையுடன் ஒரு கூட்டமைப்பாக இணைய வேண்டும் என்பன அதன் நோக்கங்கள். 1847இல் அனைவரும் கைதாயினர். ஷெவ்சென்கோ அக்கழகத்தின் உறுப்பினர் என்பது விசாரணையில் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும், அவருக்குக் கிடைத்ததே மிகக் கடுந்தண்டனைகளுள் ஒன்று. காரணம் அவருடைய கவிதைகள். அரச குடும்பத்தின் பொருளுதவியால் மீண்டவர் அக்குடும்பத்தையே இகழ்ந்தார் என்பதை விசாரணை அறிக்கை தனியே சுட்டிக்காட்டியது.

ஓரென்பர்க் எல்லைப்படையில் கடைநிலைப் படைவீரராகப் பணியாற்ற வேண்டும் என்பது தீர்ப்பு. அதன்மேல் பேரரசர் முதலாம் நிக்கோலாய் தம் கையாலேயே மேலும் ஒரு கட்டளையைச் சேர்த்தார்: அவர் எழுதவும் கூடாது, வரையவும் கூடாது. உடலுக்குத் தண்டனை தருவது எல்லா அரசுகளும் அறிந்ததே. ஒருவருடைய கைகள் எவற்றுக்காக வாழ்ந்தனவோ அவற்றையே தடுத்த இந்த ஒற்றைவரி, சவுக்கினும் கூரியது.

ஓர்ஸ்க் கோட்டையில் ஷெவ்சென்கோ அக்கட்டளையை மீறினார். உள்ளங்கையளவுத் தாள்களைத் தைத்துச் சிற்றேடுகளாக்கி, பொடி எழுத்துகளில் கவிதைகளை எழுதி, படைவீரருக்குரிய நெடுங்காலணிக்குள் ஒளித்துவைத்தார். காலணி ஏடுகள் என்றே இலக்கிய வரலாறு அவற்றைக் குறிப்பிடுகிறது.

1848இல் புதாக்கவ் என்னும் கடற்படை அலுவலர் ஆரல் கடலை ஆராயப் புறப்பட்டபோது, கரைகளை வரைய ஓர் ஓவியர் தேவைப்பட்டார். துணிவுடன் ஷெவ்சென்கோவை அழைத்துச் சென்றார். அவர் அங்கே தீட்டிய நீர்வண்ண ஓவியங்களில் ஆரலின் கரைகளும் கசாக்கிய மக்களின் வாழ்வும் பதிவாகியுள்ளன. அக்கடலின் பெரும்பகுதி வற்றிவிட்ட இன்று, அவ்வோவியங்களின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

1850இல் அலுவலர் ஒருவர் காட்டிக்கொடுத்ததால் மீண்டும் கைதானார். காஸ்பியன் கடற்கரையின் நவபெத்ரோவ்ஸ்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டார். மரமற்ற பாலை அது. வழியில் குர்யெவ் என்னும் ஊரில் கண்டெடுத்த காற்றாடி மரக்கொம்பு போன்றதொரு வில்லோக் கிளையை அங்கே நட்டு நீர் வார்த்தார். அது தழைத்து மரமாயிற்று. ஏழாண்டுகள் அங்கே கழிந்தன. நிக்கோலாய் 1855இல் இறந்தார். கலைக்கழகத் துணைத்தலைவர் ஃபியோதர் தோல்ஸ்தோயின் குடும்பத்தினர் முதலிய நண்பர்களின் இடையறா முயற்சியால் 1857இல் விடுதலை கிடைத்தது. நாற்பத்து மூன்று வயதில் நலிந்த உடலும் நரைத்த தாடியுமாக அவர் திரும்பினார்.

அதன்பின்னும் காவல்துறையின் கண் அவரை விட்டு அகலவில்லை. 1859இல் தாயகம் சென்றபோது மீண்டும் பிடிக்கப்பட்டு, பீட்டர்ஸ்பர்க் திரும்புமாறு பணிக்கப்பட்டார். மறு ஆண்டு, செதுக்கோவியக் கலைக்காகக் கலைக்கழகம் அவருக்கு உயர்பட்டம் அளித்தது. அவருடைய உடன்பிறந்தோரும் அவ்வாண்டில்தான் விடுதலை பெற்றனர். உழுத நிலம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இறுதிக் குளிர்காலத்தில், நோயுடன் போராடியவாறே அவர் செய்த பணி ஒன்று உண்டு. உழவர் பிள்ளைகள் பயிலும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளுக்காகத் தாய்மொழியில் அரிச்சுவடி ஒன்றைத் தொகுத்து, தம் செலவில் 10,000 படிகள் அச்சிட்டார். அதன் விலை மூன்றே கோபெக். கவிதைகளுக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்கது இச்சிறுநூல்.

1861 மார்ச் 10ஆம் நாள், நாற்பத்தேழாம் பிறந்தநாளுக்கு மறுநாள், அவர் உயிர் பிரிந்தது. அவ்வாழ்நாளில் அடிமையாக 24 ஆண்டுகளும் படைவீரராகப் பத்தாண்டுகளும் கழிந்திருந்தன. பண்ணையடிமை முறையை ஒழிக்கும் ஆணையில் புதிய பேரரசர் ஒரு வாரத்துக்கு முன்பே கையொப்பமிட்டிருந்தார். ஆனால், அது மக்களுக்கு அறிவிக்கப்பட்டது கவிஞர் மறைந்து ஒரு வாரம் சென்ற பின்னரே.

பீட்டர்ஸ்பர்க்கில் அடக்கம் செய்யப்பட்ட உடலை இரண்டு மாதங்களுக்குப் பின் நண்பர்கள் தோண்டியெடுத்து, மாஸ்கோ, கீவ் வழியாகக் கொண்டுவந்து, அவர் விரும்பியவாறே நீப்பர் ஆற்றை நோக்கிய கானிவ் குன்றின் மேல் மண்ணுக்களித்தனர். அம்மொழியின் மீதான தடைகள் அத்துடன் ஓயவில்லை. 1876இல் உக்ரைன் மொழியில் நூல் அச்சிடுவதையே பேரரசு பெரிதும் தடுத்தது. அதே ஆண்டில், எல்லைக்கு அப்பால் பிராகா நகரில், வெட்டப்படாத ‘கோப்ஸார்’ அச்சாயிற்று.